உண்ணிப்பூவும் காயாம்பூவும்

(பிள்ளைச்சாவடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"கடல் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது, இவர் வந்து செடியைப் பற்றிப் பேசுகிறாரே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயம்தான். புதுவைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வந்த பிறகு வடக்கே கரை அரிக்கும் கதையை இந்த ஊருக்கு நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. அது கிழக்கே நடக்கிறது. மேற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி, செம்மண் மேட்டில் வேறொன்று நடக்கிறது. கடல் இரைச்சலோடு வரும். இது பூத்துக்கொண்டு வரும். அதனால்தான் யாரும் கேட்பதில்லை, யாரும் தடுப்பதில்லை.

உண்ணிப்பூவைச் சொல்கிறேன். லாந்தானா. இந்த மண்டபத்தில் அந்தச் செடியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. சிறு பிள்ளையாக இருந்தபோது அந்தப் பூவைப் பிய்த்துக் காம்பை உறிஞ்சாதவர் எத்தனை பேர்? கறுத்த பழத்தைத் தின்று நாக்கை நீட்டிக் காட்டாதவர் எத்தனை பேர்? இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் அந்தக் காட்டமான வாடையை மறந்தவர் எத்தனை பேர்? நமக்கு அவ்வளவு பழக்கமான செடி. அது நம்முடையது அல்ல என்பதையே நாம் மறக்கும் அளவுக்குப் பழக்கமானது.

முதலில் அந்தப் பூவையே கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். ஒரு பூ என்று நாம் பறிப்பது ஒரு பூ அல்ல. குட்டிக் குட்டிப் பூக்கள் வட்டம் கட்டி நிற்கும் கொத்து அது. வெளிவட்டம் முதலில் மலரும், நடுவில் மொட்டுகள் காத்திருக்கும். இன்று மலர்ந்தது மஞ்சள். நாளை அது ஆரஞ்சாகும். பிறகு சிவப்பாகும், அல்லது ரோஜா நிறமாகும். ஒரே கொத்தில் மூன்று நிறம் எப்படி என்று வியக்கிறோமே, அதில் ஒரு சூது இருக்கிறது. தேன் உள்ளது மஞ்சளில்தான். மகரந்தம் சேர்ந்த பூ நிறம் மாறிவிடும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் கீதா மாத்தூரும் மோகன் ராமும் 1970-களின் இறுதியில் இதையே உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். இலைப்பேன்களும் பட்டாம்பூச்சிகளும் மஞ்சளைத் தேடித்தான் போகின்றன. அப்படியானால் வேலை முடிந்த சிவப்புப் பூவை ஏன் உதிர்க்காமல் வைத்திருக்கிறது செடி? தூரத்திலிருந்து கூட்டம் பெரிதாகத் தெரிய வேண்டுமே! நம் ஊர்க் கடைக்காரர் எவருக்கும் இந்தச் செடி வியாபாரம் கற்றுக்கொடுக்கும்.

வியாபாரம் அதோடு முடியவில்லை. ஒரு செடி ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பழம் வரை தரும் என்கிறார்கள். கொண்டைக்குருவி தின்கிறது, மைனா தின்கிறது. தின்ற பறவை எங்கே போய் உட்காருமோ அங்கே விதை விழுகிறது. மின்கம்பிக்குக் கீழே, வேலி ஓரத்தில், கோயில் மரத்தடியில். ஆடு மாடு மேய்ந்து கட்டுப்படுத்தும் என்றால், அதுவும் நடக்காது. பச்சை இலையில் நஞ்சு இருக்கிறது. மேய்ச்சல் இல்லாத கோடையில் பசி தாங்காமல் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெடும், கண் மஞ்சளிக்கும், வெயில் பட்ட இடத்தில் தோல் வெடித்து உரியும். கறவை மாடு வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இது தெரியும்.

இந்தச் செடி எங்கிருந்து வந்தது? நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கத்திலிருந்து. ஐரோப்பியர் எடுத்துப்போய்க் கண்ணாடி வீட்டுக்குள் வைத்து வளர்த்தார்கள், இனங்களைக் கலந்து புது நிறங்கள் உண்டாக்கினார்கள். லின்னேயஸ் 1753-இல் அதற்கு லாந்தானா கமாரா என்று பெயரிட்டார். பிறகு அந்தக் கலப்புச் செடி ராஜ்ஜியங்களின் கப்பலேறிக் கிழக்கே வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் அது இருந்தது. 1826-இல் இலங்கையில் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அதே 1826-இல்தான் நம் புதுவைத் தாவரவியல் பூங்காவும் தொடங்கப்பட்டது. அது ஒரு காலம். பூங்காவும் பூங்காவும் விதைப் பொட்டலம் பரிமாறிக்கொண்ட காலம். எது அழகோ, எது காசு தருமோ, அது பயணம் போகும். போன இடத்தில் அது என்ன செய்யும் என்று கேட்க ஆள் இல்லை.

வந்ததெல்லாம் பகை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் இன்று இரவு நம் வீட்டில் குழம்பு வைக்க முடியாது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் முந்திரி பிரேசிலிலிருந்து வந்தது. இந்தக் கரையோரம் நிற்கும் சவுக்கு எங்கோ கிழக்கிலிருந்து வந்தது. முந்திரி நாம் வைத்த இடத்தில் நிற்கிறது. சவுக்கு நாம் நட்டால் வளர்கிறது, வெட்டினால் விறகாகிறது. உண்ணிச்செடி நம்மைக் கேட்பதில்லை. உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் அதற்கு ஓர் இடம் உண்டு.

எவ்வளவு பரவியிருக்கிறது? இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த நினாத் முங்கி, கமர் குரேஷி, ஜாலா மூவரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டின் புலி வாழும் காடுகளில் மட்டும் 1,54,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் இந்தச் செடி பிடித்திருக்கிறது என்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு முழுவதையும் உண்ணிச்செடியால் மூடி, அதற்கு மேலும் மிச்சம் இருக்கும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓர் அலங்காரச் செடி!

யாருமே எதிர்க்கவில்லையா? எதிர்த்தார்கள். குடகில் 1914-இலேயே களைச்செடி ஒழிப்புக்கென்று சட்டம் போட்டார்கள். நம் சென்னை மாகாணத்துப் பூச்சியியலாளர் ஒய். ராமச்சந்திர ராவ் இந்தியாவிலும் பர்மாவிலும் அலைந்து, உண்ணிச்செடியில் வாழும் பூச்சிகளை ஒவ்வொன்றாகச் சேகரித்தார். இவற்றில் ஏதாவது ஒரு பூச்சி இந்தச் செடியை அழிக்குமா? அதுதான் கேள்வி. 1920-இல் அவர் நூல் வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பூச்சிகள், ஆனால் ஒன்றுகூடப் போதாது. ஹவாய்க்கு அதற்கு முன்பே, 1902-இல், பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலே மெக்சிகோவிலிருந்து பூச்சிகளைத் திரட்டி அனுப்பியிருந்தார். ஒரு களையை அடக்கப் பூச்சியைத் திட்டமிட்டு இறக்கிய தொடக்க முயற்சிகளில் அது முக்கியமானது. இந்தியாவுக்கும் 1941-இல் ஒரு வலையிறகுப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். சோதனைக் கூடத்திலேயே அது தேக்கம்பூவையும் பதம் பார்க்கிறது என்று தெரிந்தது, திட்டத்தைக் கைவிட்டார்கள். பூச்சி மட்டும் கைவிடவில்லை. பத்து ஆண்டு கழித்து வெளிக்காட்டில் அது இருப்பதைப் பார்த்தார்கள். செடியும் இருக்கிறது, பூச்சியும் இருக்கிறது. இரண்டும் சௌக்கியம்.

சட்டம் தோற்றது, பூச்சி தோற்றது. அப்படியானால் அடுத்து என்ன? பயன்படுத்துவோம் என்றார்கள். இங்கேதான் கதை சுவையாகிறது.

பயன் இல்லாத செடி அல்ல அது. மாடு தின்னாததால் நல்ல வேலி. இலைச்சாறு பூச்சியை விரட்டும். வடக்கே மலைப்பகுதிகளில் உருளைக்கிழங்கைச் சேமிக்கும்போது இதன் இலையைப் பரப்பி வைத்தால் கிழங்கு அந்துப்பூச்சி குறைகிறது. காய்ந்தால் விறகு. ஆனால் நான் சொல்ல வந்தது தண்டைப் பற்றி.

மாதேஸ்வரன் மலையில் சோலிகர் மக்கள் பரம்பரையாக மூங்கிலில் கூடை முடைந்தவர்கள். மூங்கில் குறைந்தது, எடுக்கவும் தடை வந்தது. 2004 வாக்கில் அசோகா சூழலியல் ஆராய்ச்சி அறக்கட்டளையின் துணையோடு அங்கே லாந்தானா கைவினை மையம் தொடங்கியது. உண்ணித்தண்டை வெட்டி, பெரிய தகரப் பீப்பாயில் வேக வைக்கிறார்கள். வெந்ததும் பட்டை தோலோடு உரிந்து வருகிறது. உள்ளே வெளுத்த, வழவழப்பான கழி. சூடாக இருக்கும்போது எப்படி வேண்டுமானாலும் வளைகிறது. நாற்காலி, சோபா, புத்தக அலமாரி. பார்ப்பவர் பிரம்பு என்றுதான் நினைப்பார்கள். கரையானும் எளிதில் அண்டுவதில்லை.

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இதைவிடப் பெரிய காரியம் நடந்தது. பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் மக்கள் சேர்ந்து, இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு கட்டி, அதன் மேல் உண்ணிக்கழியைச் சுற்றிச் சுற்றி யானை செய்தார்கள். பொம்மை யானை அல்ல, முழு அளவு யானை. ஒவ்வொன்றும் அந்தக் காட்டில் உண்மையாக உலவும், அவர்களுக்கு அடையாளம் தெரிந்த ஒரு யானையைப் பார்த்துச் செய்தது. காது மடிப்பு, நெற்றி மேடு, தும்பிக்கைச் சுழிப்பு எல்லாம் அந்த யானையினுடையது. வடிவமைத்தவர் சுப்ரா நாயர். 2021-இல் அந்த யானைக்கூட்டம் லண்டனின் கிரீன் பார்க்கில் நின்றது. 2024 தொடக்கத்தில் பெங்களூரு லால்பாக்கில் நின்றது. அதே ஆண்டு நூறு யானைகள் அமெரிக்காவுக்குப் போயின. நியூபோர்ட் கடற்கரை, நியூயார்க் தெரு, மயாமி மணல். அந்தச் செடி எந்தக் கண்டத்திலிருந்து புறப்பட்டதோ அந்தக் கண்டத்துக்கே யானையாகத் திரும்பிப் போயிற்று! பழங்குடி மக்களின் கைக்கு இதைவிடப் பெரிய மேடை கிடைத்ததில்லை. அதற்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் போக முடியாது. காட்டில் செடி குறைந்ததா?

குறைந்த இடம் உண்டு, வெட்டிய இடத்தில். மற்றபடி, நாற்காலிக்கும் யானைக்கும் வேண்டியது நீளமான, நேரான, விரல் தடிமன் கழி. காட்டில் இருப்பதோ லட்சக்கணக்கான ஏக்கர் புதர். கழியை வெட்டினால் வேர் இருக்கிறது. வேர் இருந்தால் இரண்டு மழையில் இரண்டு மடங்காகத் துளிர்க்கிறது. "பயன்படுத்தியே ஒழித்துவிடலாம்" என்ற பேச்சு கேட்க நன்றாக இருக்கிறது. என்னால் அதை நம்ப முடியவில்லை.

சீமைக் கருவேலை, நம் வேலிக்காத்தானைப் பாருங்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் எத்தனை கரி மூட்டம்! எத்தனை குடும்பம் அதை நம்பிப் பிழைக்கிறது! இத்தனை ஆண்டு வெட்டியும் வேலிக்காத்தான் ஒழிந்ததா? ஒழியவில்லை. வெட்டுகிறவர்கள் கட்டையை விட்டு வெட்டுகிறார்கள், மறுபடி துளிர்க்க வேண்டுமே. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாளைய அடுப்புக்கு இன்றே வேரைப் பிடுங்குபவர் யார்? ஒரு களை பிழைப்பாகிவிட்டால், அந்தக் களைக்குக் காவல்காரர் கிடைத்துவிட்டார் என்று பொருள்.

அதனால் நான் சொல்வது இதுதான். பயன் என்பது கூலி. காட்டைச் சுத்தம் செய்யும் வேலைக்கு அந்தச் செடியே கொடுக்கும் கூலி. வேலை முடியும்போது கூலியும் முடிய வேண்டும். அதற்கு வேலையை வேர்வரை செய்ய வேண்டும், வெறுமையான இடத்தில் வேறொன்றை நட வேண்டும். கூலியை மட்டும் பார்த்துக்கொண்டு வேலையை மறந்தால் நாம் செய்வது களைப் பண்ணை.

வேர்வரை எப்படிச் செய்வது? தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் உடன் ஆய்ந்தவர்களும் 2009-இல் எழுதிய ஒரு வழி இருக்கிறது. கார்பெட் காட்டில் செய்து பார்த்தது. புல்டோசர் வேண்டாம், மருந்து வேண்டாம், நெருப்பு வேண்டாம். ஒரு மண்வெட்டி போதும். தண்டு வேராக மாறும் இடம் ஒன்று இருக்கிறது, மண்ணுக்குச் சற்றுக் கீழே. துளிர்க்கும் மொட்டெல்லாம் அதற்கு மேல்தான். மண்ணுக்குள் சற்று இறங்கி, அந்த இடத்துக்குக் கீழே ஆணிவேரை வெட்ட வேண்டும். அங்கே வெட்டினால் கீழே இருக்கும் வேருக்கு உயிர்க்க வழி இல்லை. பிறகு முக்கியமான வேலை. வெட்டிய புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும், வேர் வானத்தைப் பார்க்க. ஏன்? கிளை மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விடும். கவிழ்த்த புதர் காய்ந்து மக்கும். அடுத்த இரண்டு மூன்று மழைக்குப் பறவை உட்காரும் மரங்களுக்குக் கீழே முளைக்கும் குட்டிச் செடிகளைக் கையாலேயே பிடுங்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. மண்ணைக் கிளறும் பெரிய இயந்திரத்தால் ஆகாதது, இடம் தெரிந்து வெட்டும் ஒரு கையால் ஆகிறது.

கை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் மூத்தவர்கள் ஆராய்ச்சியாளர்களிடம் சொன்னது. முன்பெல்லாம் தை, மாசியில் அவர்கள் காட்டில் சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்பார்கள். "தரகு பெங்கி", சருகுத் தீ. முழங்கால் உயரம் எழும்பி அணையும். அதில் உண்ணிக்கன்று கருகும், நெல்லிமரத்துப் புல்லுருவி விதையும் கருகும், புல் துளிர்க்கும். 1974-இல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயமானது. தீ குற்றம் ஆனது. சின்னத் தீ நின்றது, செடி வளர்ந்தது. அங்கே ஆய்வு செய்த பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் 1997-க்கும் 2008-க்கும் நடுவில் உண்ணிச்செடி உள்ள இடங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கானதைக் கண்டார்கள். இப்போது தீ பிடித்தால் அது சின்னத் தீயாக இல்லை. உண்ணிப்புதர் ஏணி போட்டுக் கொடுக்கிறது, தீ மரத்தின் உச்சிக்கு ஏறுகிறது. சின்னத் தீ மட்டும்தான் காரணமா? அறிஞர்களுக்குள் வாதம் இருக்கிறது, இருக்கட்டும். ஒன்று எனக்குத் தெளிவு. காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கைகளை வெளியேற்றிவிட்டு, காடு தானாக நன்றாக இருக்கும் என்று நாம் நம்பினோம். அந்த வெற்றிடத்தில் உண்ணி வந்து உட்கார்ந்தது.

தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நியச் செடிகளை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. உயர்நீதிமன்றம் தட்டித் தட்டிக் கேட்டதும் அதற்குக் காரணம். நல்லது. அதன் பெயரிலேயே வாழிட மீட்டெடுப்பு என்ற சொல்லும் இருக்கிறது. அகற்றுவது பாதி, மீட்பது மீதி. ஒப்பந்தக்காரருக்கு முதல் பாதிக்குத்தான் பில் எளிதாகப் போடலாம், அதுதான் எனக்குப் பயம்.

சரி, மலைக்கதை போதும். நம் ஊருக்கு வருவோம்.

இந்தக் கரைக்கு என்று ஒரு காடு இருந்தது. இலை உதிராத, குட்டையான, அடர்த்தியான உலர் பசுமைக் காடு. உலகில் மிகச் சில இடங்களில் மட்டுமே இருக்கும் வகை. இப்போது எங்கே இருக்கிறது? சாமி காப்பாற்றிய இடத்தில் இருக்கிறது. சாலையில் வடக்கே கொஞ்சம் போனால் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்த்தசாரதியும் அவர் மாணவர்களும் பல ஆண்டு இந்தக் கோயில்காடுகளில் மரத்துக்கு மரம் அளந்து கணக்கெடுத்தார்கள். அங்கே நிறைந்து நிற்கும் மரங்களில் ஒன்று காயா. காசான் என்றும் சொல்வோம்.

காயாம்பூவைப் பார்த்திருக்கிறீர்களா? திருமால் மேனிக்கு உவமை சொல்லியே நம் புலவர்கள் பாடிப் பாடி வைத்த பூ. இளவேனிலில் பாருங்கள். இலைக்கு நடுவில் பூக்காது, வெறும் கொம்பை ஒட்டிப் பூக்கும். கொம்பு முழுவதும் நீலப்பஞ்சு சுற்றியதுபோல் இருக்கும். அடியில் உதிர்ந்து தரையும் நீலம். இலையிலிருந்து மஞ்சள் சாயம் எடுத்தார்கள். கட்டை இரும்பு போல உறுதி. நம்முடைய வசந்தகாலக் காட்டுப்பூ அதுதான். உண்ணிப்பூவைத் தெரிந்த பிள்ளைகள் இந்த மண்டபத்தில் எத்தனை, காயாம்பூவைத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை? கை தூக்கச் சொல்ல மாட்டேன்.

உண்ணிச்செடிக்கு வெயில் வேண்டும். அடர்ந்த நிழலுக்குள் அதனால் தலைதூக்க முடியாது. கோயில்காட்டின் நடுவில் அது இல்லை, ஓரத்தில் இருக்கிறது. வண்டி நிறுத்த இரண்டு மரத்தை வெட்டுகிறோம், சமையல் கொட்டகைக்கு நான்கு மரத்தை வெட்டுகிறோம். ஒவ்வொரு வெட்டும் வெயிலுக்கு ஒரு கதவு. அந்தக் கதவு வழியாகத்தான் அது உள்ளே வருகிறது.

பக்கத்தில் ஆரோவில்லைப் பாருங்கள். 1968-இல் அது மழைநீர் அரித்த செம்மண் பொட்டல். முதலில் நட்டவர்கள் ஆஸ்திரேலிய வேல மரங்களையும் நட்டார்கள். எது வேகமாக நிழல் தருமோ அதை. அந்த நிழலில்தான் பிறகு காயாவும் வீரையும் பாலையும் நாவலும் எழுந்தன. வெளிநாட்டு மரத்தின் நிழலில் உள்நாட்டுக் காடு! இப்போது அந்த வேல மரங்களும் தானாக முளைக்கின்றன என்பது வேறு கதை. ஆனால் பொட்டல் காடானதை நம் கண்ணெதிரே ஒரு தலைமுறை செய்து காட்டியிருக்கிறது. நிழல் திரும்பினால் உண்ணி ஒதுங்கும்.

"வேலிக்கு என்ன செய்வது ஐயா?" இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் இருப்பீர்கள். உண்ணிக்கு முன்பு இந்த ஊர்களில் வேலியே இல்லையா? கிளுவைக் கொம்பை நட்டால் வேலி. களா, காரை, சூரை, சங்கஞ்செடி இவை முள்வேலி, பழமும் தரும். களாக்காய் ஊறுகாய் போடாத வீடு முன்பு இருந்ததா? முள் வேண்டாம் என்றால் ஆடாதோடை இருக்கிறது, ஆடு தொடாது, இருமலுக்கும் ஆகும். நொச்சி இருக்கிறது, மாடு தொடாது, கொசுவுக்குப் புகை போடலாம். உண்ணி செய்யும் எந்த வேலையையும் இவை செய்யும், எல்லை தாண்டாது.

எப்போது தொடங்குவது? வைகாசி, ஆனியில் கன்று வளர்க்கத் தொடங்குங்கள். கிளுவைக்குக் கன்றும் வேண்டாம், கொம்பு போதும். ஆவணி, புரட்டாசியில் ஒரு மழை விழுந்து மண் இளகியதும், கறுத்த பழம் உதிரும் முன்பாக உண்ணியை வேரோடு வெட்டிக் கவிழ்த்துப் போடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது அந்த இடத்தில் கன்று இருக்க வேண்டும். ஒரே நாளில் தெரு முழுவதும் வெட்டாதீர்கள். எவ்வளவு இடத்துக்குக் கன்று கையில் இருக்கிறதோ அவ்வளவு மட்டும் வெட்டுங்கள். வெட்டிய கழியில் நேரானதைப் பொறுக்கித் தனியாக வையுங்கள். வேகவைத்துக் கூடை முடைந்து பார்க்க விரும்பும் மாணவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள், கூட்டம் முடிந்ததும் அவர்களோடு பேசுங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.